அவனே போட்ட நாற்பது

ஜூலை 18, 2024
இவரை முதல் ஷிஃப்டுக்கு அனுப்பிவிட்டு காலேஜ் பஸ்ஸுக்கு ஓடினேன். ப்ராஜெக்ட் வகுப்பில் இன்று சொல்லியே விட்டேன்: "இந்தத் தடவை மார்க் நான் போட மாட்டேன். செஞ்சதைக் காட்டி உங்களுக்கு நீங்களே போட்டுக்குங்க. பொய் வேணாம். போட்டதை நான் திருத்தவும் மாட்டேன்." கடையில் ரெடிமேடாக வாங்கி வரும் கூட்டம் சிரித்தது. துறைத்தலைவர் மருதாசலம் சார், "என்னமோ பண்ணுங்க மேடம், எனக்குத் தலைவலி வராம இருந்தா சரி" என்றார்.

ஆகஸ்ட் 22
செங்குட்டுவன் சாப்பிடக்கூடப் போகவில்லை. மைன்ஸில் நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் ஒருபக்கம் ஒதுங்கினால் தானாக நிறுத்துகிற கருவி செய்கிறான். அவன் அப்பா அங்கே கான்ட்ராக்ட் தொழிலாளி. போன வருஷம் கடைசி பெஞ்சில் தூங்கிக்கினு கிடந்த பையனா இவன்! "மார்க் பயம் இல்லல்ல மேடம், தைரியமா கழட்டிப் பாக்குறேன்." எனக்கு ஒரே பெருமை.

செப்டம்பர் 30
மழை. சோதனையில் பெல்ட் இன்றும் நிற்கவில்லை.

நவம்பர் 6
தாளில் மார்க் எழுதிக் கொடுத்தார்கள். கடையில் வாங்கியவர்கள் கூசாமல் தொண்ணூற்றைந்து. செங்குட்டுவன் நாற்பது.
"பத்து தடவைல நாலு தடவைதான் நிக்குது மேடம்."
பாஸுக்கு ஐம்பது வேண்டும். யோசிச்சு எழுதுடா என்றேன்.
"நீங்கதான மேடம் பொய் வேணாம்னீங்க?"

நவம்பர் 7
மார்க் ஏற்ற இன்றே கடைசி நாள். அந்த நாற்பதிலேயே கை நின்றது. திருத்த மாட்டேன் என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னேனே — இவனுக்கு மட்டும் எப்படி? பெரிய நியாயஸ்தி நான்! அப்படியே ஏற்றிவிட்டேன்.

டிசம்பர் 12
வேலைக்கு ஆள் எடுக்க கம்பெனி வந்தது. அரியர் இருந்தால் இன்டர்வியூ கிடையாதாம். செங்குட்டுவன் அயர்ன் பண்ண சட்டை போட்டுக்கினு காலேஜ் கேட் பக்கத்துலயே நின்னான். அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான்! மருதாசலம் சாரிடம் கெஞ்சினேன்.
"அவனே போட்ட மார்க். அவன் கையெழுத்து. யாரைக் குத்தம் சொல்றது மேடம்?"
என்னைத்தான் சார். மனசுக்குள் சொல்லிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

டிசம்பர் 13
சோற்றைத் தொடாமல் மூடி வைத்தேன். இவர் கேட்டார். தலைவலி என்றேன்.

ஏப்ரல் 24, 2025
செங்குட்டுவன் அரியர் ப்ராஜெக்ட் காட்ட வந்தான். அதே கருவி, ஒரு ஸ்க்ரூகூட மாற்றவில்லை. ஓட்டச் சொன்னேன். பத்துக்கு நாலுதான். மார்க் எழுதும் தாளை நீட்டினேன். யோசிக்கவே இல்லை. தொண்ணூற்றைந்து என்று எழுதினான்.
"சரிங்களா மேடம்?"
கையெழுத்துப் போட்டேன்.