சம்பலும் கிட்டார் கம்பியும்

18 ஜூலை 1976, ஞாயிறு
மெரிலேண்ட்ஸ்

விரல் நுனிகள் எரிகின்றன. ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

எனக்கு இடக்கைப் பழக்கம். அதனால் கிட்டாரில் கம்பிகளை மாற்றிப் பூட்டிப் பழகுகிறேன். கம்பியை அழுத்துவது வலக்கை விரல்கள். அவை கொப்பளித்து, தோலும் உரிந்துவிட்டது. சாப்பிடுவதும் அந்தக் கையால்தான். சின்ன வயதில் அம்மா அடித்துப் பழக்கியது.

இன்று நார்த்மீட்டிலிருந்து அன்ரியும் அங்கிளும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். உறைப்பான தேங்காய்ச் சம்பலில் புண் விரலை வைக்கப் பயந்து, நான் கரண்டி எடுத்தேன்.

"என்ன பிள்ளை, வெள்ளைக்காரி ஆகிட்டியோ?" என்று அன்ரி சிரித்தார்.

"ஓம் அன்ரி, இப்ப கிட்டார்காரியெல்லே! இனிக் கையால சாப்பிடமாட்டா" என்றார் என் கணவர். அங்கிளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. காலையில்தான் இவரிடம் விரலைக் காட்டினேன். பார்த்த மனுஷன்!

கரண்டியை மேசையில் வைத்தேன். இடக்கையைச் சோற்றில் வைத்தேன். சம்பலோடு நன்றாகப் பிசைந்து, உருட்டி, ஆறுதலாக, அவசரமில்லாமல் சாப்பிட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. அன்ரி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கையில் ஒரு எரிவும் இல்லை.

பாயசம் வேண்டாம் என்று அவர்கள் கெதியாய்ப் புறப்பட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு இவர் கத்தினார்.

"சபையில என்ர மானத்தை வாங்கிப்போட்டாய்! பேசாமல் கரண்டியால சாப்பிட்டிருக்கலாமெல்லே?"