மிளகாய்ப் பாத்தியின் முதல் விதை

சலாலா
புரட்டாசி 24, வெள்ளி

அன்பு மகன் அன்பரசனுக்கு அம்மா எழுதுவது. நான் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறேன், நீயும் அல் குசைஸ் லேபர் கேம்ப்பில் நோய்நொடி இல்லாமல் இருக்க அங்காளம்மாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் உன் குரலைக் கேட்டாலே அழுகை முந்திக்கொள்கிறது, சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே வைத்துவிடுகிறேன், அதனால்தான் தாளில் எழுதிப் பக்கத்து வீட்டு ஷ்ருதியிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அஞ்சாவது படித்த கை, பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

அப்பா போன பிறகு வருகிற முதல் விதைப்புப் பட்டம் இது. மாதம் பிறந்ததுமே சாரல் விட்டுவிட்டது, புல்லைச் செதுக்கி ஆட்டு எரு போட்டுப் பாத்தியும் கட்டினேன். நீ லீவு போட்டு வந்து என் விசாவை முடித்து ஊரில் சங்கீதாவிடம் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறாய், மருமகள் என்னைத் தாங்குவாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம் விசாவுக்கும் தோட்டத்துக்கும் சொந்தக்காரரான கஃபீல் அம்மார், மிளகாய் நாற்று நின்றால் தோட்டத்தை என் பொறுப்பிலேயே விடுகிறேன், இல்லையென்றால் வாழை போடுகிறவருக்குக் கொடுத்துவிடுவேன், கலாஸ், அவ்வளவுதான், என்று சொல்லிவிட்டார். எனக்கு இங்கே இருக்கத்தான் ஆசை, உன் அப்பா கொத்திய மண் இது.

தாலியைக் கழற்றினவள் முதல் விதையில் கைவைக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம், உனக்கும் தெரியும். அதனால் காய்கறி வண்டி ஓட்டுகிற ஜெய்னுலாப்தீனைக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன். அவர் கீழக்கரைக்காரர், விவசாயம் அறியாதவர், மிளகாய் விதையை நிலக்கடலை ஊன்றுவது போல விரலால் அழுத்தி ஆழத்தில் புதைத்தார், நான் வாய் திறந்தால் அதுவே விதைக்குத் தோஷமாகிவிடுமோ என்று வரப்பில் சும்மா நின்றேன். பத்து நாளாகியும் ஒரு முளை இல்லை. அம்மார் வந்து பாத்தியைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார், திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கு ஜெய்னுலாப்தீன்தான் சொன்னார், "என்னக்கா, வண்டி ஓட்டுறவன் கையில வெதயக் குடுத்துட்டு வேடிக்கை பாத்தா எப்படி மொளைக்கும்? அண்ணன் இருந்தப்ப மட்டும் அவரா போட்டாரு? பாத்தியக் கட்டிட்டு மேட்டுல உக்காந்து பீடி இழுப்பாரு. வெத போட்டது பூரா உங்க கைதானே."

செத்தவரைப் பீடி இழுத்தார் என்றதில் எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் சொன்னது உண்மை. மீதி இருந்த விதையை மணலோடு கலந்து நானே நகக்கண் ஆழத்தில் தூவி, மேலே தென்னங்கீற்றைப் போட்டு மூடினேன். சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை, உன் அப்பாவிடம்தான், இது குற்றமென்றால் என்னோடு போகட்டும், பிள்ளையைத் தொடவேண்டாம் என்றேன். ஒன்பதாம் நாள், நேற்று, கீற்றைத் தூக்கிப் பார்த்தால் பாத்தி முழுக்க முளை கழுத்து வளைந்து நிற்கிறது. அம்மாரும் வந்து குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, விசா கார்டைப் புதுப்பிக்க வேண்டும், எடுத்து வை என்றார்.

ஆகையால் என்னைக் கூட்டிப்போக வராதே ராசா. ஊரில் மாமா கேட்டால் அம்மாதான் விதைத்தாள் என்று சொல், ஜெய்னுலாப்தீன் பேரைச் சொல்லி மறைக்காதே. வெயிலில் சைட்டில் நிற்கும்போது தண்ணீர் குடி, தலைவலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. நீயும் சங்கீதாவும் குறையில்லாமல் நீண்ட காலம் வாழவேண்டும். அந்த லீவை வீணாக்காமல் தைக்குத் தள்ளி வைத்துக்கொள், மிளகாய் பறிக்க எனக்கு ஆள் வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா நாகவள்ளி