இருநூற்றுப் பன்னிரண்டு மரங்களுக்கு இரண்டு விரல் லூஸ்

அன்புள்ள கண்ணம்மா,

நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காட்டு முகாமில் நானும் அம்மாவும் கொசு கடித்த இடங்களைத் தவிர மற்றபடி நலம்.

முழங்கால் வலியால் தையல் கடையை உன் மாமாவிடம் ஒப்படைத்ததும், வீட்டில் உட்கார்ந்து சுவரை முறைக்க வேண்டாம் என்று அம்மா தன் ஆராய்ச்சிக் குழுவோடு என்னையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள். முப்பது வருஷமாகக் கோடைதோறும் இவள் காட்டில் என்னதான் செய்கிறாள் என்று இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன். ஒவ்வொரு மரத்திலும் எண் போட்ட தகடு, நெஞ்சுயரத்தில் ஒரு பெயிண்ட் கோடு. அந்தக் கோட்டின் மேல் டேப்பைச் சுற்றி அளந்து நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். அதை வைத்து ஒரு வருஷத்தில் காடு எவ்வளவு வளர்ந்தது என்று கணக்குப் போடுவது இந்தக் கோடையில் புதிதாகக் கைகோத்திருக்கும் வேறொரு பல்கலைக்கழகத்துக் குழு. இந்தக் கூட்டு வேலைக்காக அம்மா இரண்டு வருஷம் அலைந்தது உனக்கே தெரியும். எனக்கென்று இருநூற்றுப் பன்னிரண்டு மரங்களைக் கொடுத்தாள். நாற்பது வருஷம் டேப் பிடித்த கைக்குச் சொல்லித்தர வேறு வேண்டுமா என்று நானும் மிதப்பாகத்தான் இருந்தேன். மாணவர்கள் எனக்கு மாஸ்டர் என்று பெயர் வைத்து, என் வேகத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

பத்து நாளில் எல்லாவற்றையும் முடித்து அனுப்பினோம். அந்தக் குழுவின் தலைவர் போனில் துள்ளிக் குதிக்காத குறை. ஒரு பகுதியில் மட்டும் (நான் அளந்த பகுதிதான்) மரங்கள் ஒரே வருஷத்தில் மற்ற இடத்தைப்போல நாலு மடங்கு பருத்திருக்கின்றன, அடுத்த வாரக் கூட்டத்தில் இதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன் என்றார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அன்று சாயங்காலம் குழாயடியில் கை கழுவும்போது பார்க்கிறேன், இடது கையில் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மட்டும் மரப்பிசின் அப்பியிருக்கிறது. சட்டைக்கு அளவெடுக்கும்போது டேப்புக்கு உள்ளே இரண்டு விரல் விட்டு லூஸ் வைப்பேனே, அதே பழக்கத்தில் மரத்துக்கும் வைத்திருக்கிறேன். மரம் என்ன, சட்டை போட்டுக்கொண்டு விருந்துக்கா போகப் போகிறது?

மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். இவ்வளவு பேருக்கு முன்னால் அவளைத் தலைகுனிய வைத்துவிட்டேனே, நாளைக்கே பஸ் ஏற்றிவிடுவாளே என்று பயம். ஆனாலும் பிசின் விரலோடு அவளிடம் போய் நின்று சொன்னேன். எல்லா மரத்துக்குமா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு அந்தத் தலைவருக்குப் போன் போட்டாள், நான் பக்கத்திலேயே நின்றேன். “எங்க குழு அளந்ததுல ஒரு பிழை, மூணு நாள்ல திருத்தித் தர்றோம்” என்றாள். என் வீட்டுக்காரர் செய்தது என்று வாய் திறக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது கண்ணம்மா.

மூன்று நாளும் விடிந்ததும் கிளம்பி டேப்பை இறுக்கிப் பிடித்து அத்தனையையும் மறுபடி அளந்தேன். பழைய எண்ணை அழிக்கக் கூடாதாம். அதன் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், என் கையெழுத்து. இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து போட்டேன், பத்திரப் பதிவில்கூட இத்தனை போட்டதில்லை. மரங்கள் உண்மையில் அரை சென்டிமீட்டர்தான் பருத்திருந்தன. முடித்த அன்று, அடுத்த வருஷத்துக்கு விவரம் தெரிந்த ஆளாகப் பார்த்துக்கொள் என்று அம்மாவிடம் நானே சொன்னேன். அவள் நோட்டை மூடிவிட்டு, “அதெல்லாம் இல்ல. அந்த மரங்களை இனிமே வருஷாவருஷம் நீங்கதான் அளக்கணும். கை மாறினா கணக்கு மாறிடும்” என்றாள்.

இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். ஒன்றை மறந்துவிடாதே, அடுத்த கோடையில் வருவதாக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் நேரே முகாமுக்கு வந்துவிடு, நாங்கள் இரண்டு பேருமே இங்கேதான் இருப்போம்.

ஆசிகளுடன்,
உன் அப்பா