மூடியைத் தொடாதே என்றவளுக்கு

இன்று காலை ஈச்சவெல்லப் பாகு சீசாவின் மூடி திறக்க வரவில்லை. இங்கே வங்காளத்தில் நோலேன் குர் என்பார்களே, அதுதான். பாகு காய்ந்து மூடியின் வரிகளில் கல்கல்லாக இறுகியிருந்தது. துணியைச் சுற்றித் திருகப் போன கை அப்படியே நின்றது. சீசாவை மேசையில் வைத்துவிட்டு, இவருக்குத் தோசையோடு மிளகாய்ப்பொடியை எடுத்து வைத்தேன்.

தொண்ணூறுகளில் கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய பரிசோதனைக்கூடத்தில் நாம் இருவர்தான் தமிழ்ப் பெண்கள். கப்பலில் வரும் சரக்கின் மாதிரிகளைச் சோதிக்கும் வேலை. நீ திருநெல்வேலி. என்னை ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிடுவாய். கும்பகோணத்துக்காரியான எனக்கு முதலில் சுருக்கென்றிருந்தது. பிறகு, நீ அப்படிக் கூப்பிடாத நாளில்தான் கோபம் வந்தது.

நம்மூர் ஆயுத பூஜை மாதிரி இங்கே விஸ்வகர்மா பூஜை, அதற்கு முந்தைய நாள் அது. வெளியே பட்டம் விடுகிற கூச்சல். பூஜைக்காக அலமாரிகளையெல்லாம் காலிசெய்து துடைத்துக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் தூசி படிந்த ஒரு சீசா கிடைத்தது. பிக்ரிக் அமிலம். உள்ளே மஞ்சள் தூள் காய்ந்து கிடந்தது, மூடியின் விளிம்பிலும் மஞ்சள். இடது கையில் அதைப் பிடித்து, வலது கையை மூடிக்குக் கொண்டுபோனேன்.

“ஏட்டி, அத மெல்ல மேசைல வையி. மூடியத் தொடாத, என்னா?”

உப்பு கேட்கிற குரலில்தான் சொன்னாய். வைத்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் கையில் இருந்தது என்னவென்று எனக்கு உறைத்தது.

அதைத் தண்ணீரில் நனைத்தே வைத்திருக்க வேண்டும், காய்ந்தால் வெடிமருந்து என்று படித்தவள்தான் நான். மூடிக்கும் கழுத்துக்கும் நடுவில் சிக்கிய தூள் உரசினாலே போதும், கை போய்விடும். தேர்வில் எழுதியதெல்லாம் துடைக்கிற துணியைக் கையில் எடுத்ததும் மறந்துபோயிருந்தது.

பூஜை நேரத்தில் போலீஸ் கீலீஸ் எதற்கு, ஆளை விட்டுக் கங்கையில் போட்டுவிடலாம் என்றார் அதிகாரி. “கே நியே ஜாபே சார், ஆப்னி?” என்றாய். யார் எடுத்துக்கொண்டு போவது, நீங்களா என்று! அவர் போலீசுக்குப் போன் போட்டார். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, வெடிகுண்டு நிபுணர்கள் வரும்வரை வாசலை மறித்து நின்றாய், யாரும் உள்ளே போய்விடக் கூடாதென்று.

ஏன் கத்தவில்லை என்று பிறகு கேட்டேன். “கத்தியிருந்தா ஒனக்குக் கை நடுங்கியிருக்கும்லா. கண்ணுக்குத் தெரியுறதுக்கு நான் பயப்பட மாட்டேன்” என்றாய்.

உன்னைக் கொண்டுபோனது கண்ணுக்குத் தெரியாதது. இரண்டாயிரத்துக்குப் பிறகு உனக்கு வேறு கூடத்துக்கு மாற்றலாயிற்று. அங்கே யாரோ பழைய ஈதர் மிச்சத்தின்மேல் புது ஈதரை ஊற்றி, சீசாவில் புதுத் தேதியை ஒட்டியிருந்தார்கள். காற்றுப் பட்டுப் பட்டு நாளானால் ஈதரில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை. புது ஈதரென்று நம்பி, சோதித்துப் பார்க்காமல் காய்ச்சி வடித்தாய். குடுவை வற்றும் நேரத்தில் வெடித்தது.

போன் வந்தபோது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் நறுக்கி முடித்தேன். பவானிபூரில் உங்கள் வீட்டில் எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று யாராவது சொல்லியிருப்பார்கள், சொல்லட்டும்.

பல மாதம் கழித்து உன் மகள் சித்தி முறை வைத்து என்னிடம் கேட்டாள், பாதி வங்காளமும் பாதித் தமிழுமாக: “மாஷி, அம்மாக்கு இதெல்லாம் தெரியாதா?”

“தெரியும்மா. யாரோ எழுதினத நம்பிட்டா.”

மருந்துச் சீட்டு, பால் பாக்கெட்டின் தேதி, இவர் ‘காஸை மூடிவிட்டேன்’ என்று சொல்வது, எதையும் நான் இப்போது நம்புவதில்லை. எழுந்து போய்ப் பார்க்கிறேன். உனக்கு இது பிடிக்காது. “என்னட்டி பொழப்பு இது” என்பாய். ஆனால் நீ போனபின் என்னிடம் மிஞ்சியது இது ஒன்றுதான், அழுகைகூட இல்லை.