பெடல் நடுங்கியது நிஜந்தான், தம்பி

என் தங்கமே, பொன்னுச்சாமி,

உன் வருசத் திதிக்கு வந்தவள் இன்னும் வெள்ளகோவிலுக்குத் திரும்பவில்லை. உன் பட்டறைக்கு மேலே, நீ படுத்திருந்த அறையில்தான் இருக்கிறேன். கீழே லேத்து ஓடினால் தரை அதிர்ந்து உள்ளங்காலுக்கு வருகிறது. உன் மகன் செந்தில் இப்போதும் மோட்டார் பம்புக்குத்தான் சாமான் கடைகிறான். ஆர்டர் இருக்கிறது, ஆள்தான் இல்லை என்கிறான். நீ சொன்னதும் அதேதானே?

உனக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். உன் பேரில் கிடந்த பழியைப் பற்றியது.

அந்தச் சாயங்காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நான் மறக்கவில்லை. காரைக் கேட்டுக்குள் கொண்டுவந்தாய். நடந்து வருகிற வேகந்தான். வழக்கமாக நிற்கிற இடத்தில் வண்டி நிற்கவில்லை. பேத்தி மகிழினியின் சைக்கிளை நசுக்கிக்கொண்டு போய்த் தூணில் முட்டியது. பிள்ளை தண்ணீர் குடிக்க அப்போதுதான் இறங்கி உள்ளே போயிருந்தாள். செந்தில் ஓடிவந்தான். "மிதிச்சேன்டா, நிக்கல. பெடலு காலுக்கடில நடுங்குச்சு" என்றாய். அதற்கு உன் மகன் என்ன சொன்னான்? "பெடலு நடுங்கலீங்கப்பா, உங்க காலுதான் நடுங்குது." சொல்லிவிட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

படியில் நின்று இரண்டு காதாலும் கேட்டவள் நான். பிள்ளையை நினைத்துப் பதறினான், அது சரி. பதறினவன் மறுநாள் வண்டியை ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டான். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதோடு முடிவு கட்டிவிட்டான். கோபியில் உன் மாமனார் வீட்டு விருந்தில் அதைச் சிரிக்கச் சிரிக்கக் கதையாகவும் சொன்னான். பந்தியில் நீ தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு நீ ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. வியாதி வந்து படுத்தபோதும் என்னிடம் அதைத்தான் சொன்னாய்: "அக்கா, நான் மிதிச்சேன்." உன்னை நம்பினேன். ஆனால் நம்பிக்கையை வைத்து யார் வாயை அடைக்க முடியும்?

திதி முடிந்து ஊருக்குக் கிளம்ப இருந்தேன். அன்றைக்குப் பார்த்து மருமகள் கவிதா பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு முகம் வெளுத்து வந்தாள். காரில் மஞ்சள் விளக்கு ஒன்று அணையாமல் எரிகிறதாம். செந்தில் எட்டிப் பார்த்தான். "இது ஏபிஎஸ் வெளக்கு. பிரேக் நல்லாத்தான் புடிக்குது, பயப்படாத" என்றான்.

"அதென்னடா ஏபிஎஸ்?" என்று கேட்டேன்.

"சடன் பிரேக் போட்டா வீலு அப்படியே இறுகிப்போயி வண்டி வழுக்கும் அத்தே. அப்படி இறுகாம பாத்துக்கறது."

"பாத்துக்கறது யாரு?"

"உள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்குதுங்க. அதுவே விட்டு விட்டுப் புடிக்கும்."

"அப்ப மிதிக்கறது மனுசன், விடறது கம்ப்யூட்டரா?"

செந்தில் பல் துலக்கப் போய்விட்டான். எனக்கு அந்த 'விட்டு' என்கிற ஒரு சொல் போதுமாக இருந்தது. மனுசன் மிதித்துக்கொண்டிருக்கும்போதே பிடியை விடுகிற சாமான் ஒன்று இந்தக் காருக்குள் இத்தனை வருசமாக இருந்திருக்கிறது. உனக்கு அது தெரியுமா? வாங்கும்போது யாராவது சொன்னார்களா? வாங்கின புதிதில் உன் பொண்டாட்டி பாக்கியத்தின் ஆட்களைத்தான் முதலில் பழனிக்குக் கூட்டிப் போனாய், என்னை இரண்டாம் தடவைதான். அதையும் நான் மறக்கவில்லை. இருந்தாலும் ஒர்க்‌ஷாப்புக்கு நானும் வருவேன் என்று பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

கோட்டைமேட்டில் ஷாநவாஸ் பாய் ஒர்க்‌ஷாப் என்று கவிதாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பாய் இப்போது கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். வண்டியில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்ப்பது அவர் மகள் ரெஹானா. படித்தவள், வாய் நிறையப் பேச்சு. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு ஒயரைச் சொருகினாள். கையில் இருந்த பலகை மாதிரியான சாமானில் எழுத்து வந்தது. முன்பக்கம் இடது வீல் என்றாள்.

"அந்த வீலு சென்சார மாத்திப்போடுங்க, சோலி முடியட்டும்" என்றான் செந்தில். அவனுக்கு அவசரம், பட்டறையில் வேலை நிற்கிறது.

"சென்சார் கெட்டுப்போச்சுன்னு இது சொல்லலீங்கண்ணா. அந்த வீல்ல இருந்து வர்ற கணக்கு சரியில்லன்னுதான் சொல்லுது. ஒயரா, சென்சாரா, வேறயான்னு நாமதான் பாக்கணும். காய்ச்சல்னா உடனே ஊசி போட்ருவீங்களா?"

"கணக்குன்னா என்ன கணக்கு அம்மணி?" என்று நான் நடுவில் புகுந்தேன். செந்தில் நெற்றியைத் தேய்த்தான்.

அவள் சலிக்கவில்லை. ஒவ்வொரு வீலின் நடுக்குடத்திலும் ஒரு பல் வளையம் இருக்கிறதாம், உன் லேத்து கியர் மாதிரி. அதற்குப் பக்கத்தில் விரல் கனத்தில் ஒரு சென்சார். அதன் நுனியில் காந்தம். வளையம் சுற்றச் சுற்ற அது பல்லை எண்ணிக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. மூன்று வீல் சுற்றி ஒரு வீல் மட்டும் நின்றுவிட்டதாகக் கணக்கு வந்தால், அது வழுக்குகிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் அந்த வீலின் பிடியை விடும், பிடிக்கும், விடும். அப்போது பெடல் காலுக்கடியில் துடிக்கும். கர்ர் என்று சத்தமும் வரும்.

"பெடலு நடுங்குமா?"

"நல்லாவே நடுங்கும்மா. பயந்து காலை எடுத்துரக் கூடாது. அழுத்திட்டே இருக்கணும்."

நான் திரும்பி செந்திலைப் பார்த்தேன். அவன் செல்போனைப் பார்த்தான்.

"மெதுவா கேட்டுக்குள்ள வந்து நிறுத்தறப்பக்கூட நடுங்குமா?" என்று கேட்டேன்.

"நல்ல வண்டில நடுங்காது."

"கெட்ட வண்டில?"

அவள் சிரித்துவிட்டாள். "நீங்க எதையோ மனசுல வெச்சுட்டுக் கேக்கறீங்க. ஓட்டியே பாத்துரலாம் வாங்க." எரிகிற விளக்கைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டுமாம். விளக்கு எரிகிறபோது அந்தக் கம்ப்யூட்டர் ஒதுங்கிக்கொள்ளும், சாதாரணப் பிரேக் சாதாரணமாகப் பிடிக்கும். பார் தம்பி, கவிதா விளக்கைப் பார்த்து நடுங்கினாள். விளக்கு இல்லாத நாளில்தான் ஆபத்து இருந்திருக்கிறது. குறை சின்னதாக இருக்கும்போது விளக்குக்கே தெரியாதாம்.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் காலி மைதானம். செந்தில் ஓட்ட, ரெஹானா பக்கத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டாள். என்னை இறங்கச் சொன்னார்கள். இறங்கவில்லை. பலகையில் நான்கு கோடு ஓடியது, நான்கு வீலுக்கு. வண்டி ஓடினால் நான்கும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாவதும் ஒன்றும் இல்லை. உன் கால்தான் நடுங்கியதோ என்று ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்றால் பார்.

"இன்னும் மெதுவாண்ணா. ஊட்டுக்கேட்டுல எப்படி நிறுத்துவீங்களோ அப்படி" என்றாள்.

அப்படியே வந்தான். நிற்கப் போகிற நேரம் மூன்று கோடு மேலே இருக்க, ஒரு கோடு மட்டும் தொப்பென்று அடிக்கு விழுந்தது. கீழே கர்ர் என்றது. செந்தில் "ஐயோ" என்று காலை எடுத்துவிட்டான். வண்டி தன்பாட்டுக்கு உருண்டது. "காலை எடுக்காதீங்கண்ணா!" என்று கத்தி அவள் கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே அவன் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா இதத்தானுங்க சொன்னாங்க" என்றான் கடைசியில். என்னிடம் சொல்லவில்லை, முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்.

வீலைக் கழற்றி அந்தச் சென்சாரை வெளியே எடுத்தாள். என் கையில் கொடுத்தாள். நுனியே தெரியவில்லை தம்பி. கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் மயிராக இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டிக்கிடந்தது. "லேத்துப் பட்டறை வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். வண்டி எங்கே நிற்கும் என்றாள். பட்டறைக்குள்தான் என்றான் செந்தில். "சாயங்காலம் ஏர் அடிப்பீங்களா?"

எனக்குத் திக்கென்றது. வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் குழாயைப் பிடித்து மிஷினுக்கு ஏர் அடிப்பாய், தரைக்கு அடிப்பாய், கடைசியில் காருக்கும் அடிப்பாய். வீல் இடுக்கெல்லாம் விட மாட்டாய். ஊரில் எவன் கார் இத்தனை சுத்தம் என்று பெருமை வேறு. அந்தச் சுத்தந்தான் தினம் தினம் இரும்புத்தூளை ஊதி அந்தக் காந்தத்துக்கு ஊட்டியிருக்கிறது. செந்திலும் இன்றுவரை அதையேதான் செய்கிறான். லேத்துக்காரன் வீட்டில் அல்லாமல் வேறு எங்கே இந்தக் கூத்து நடக்கும்?

நீ தூணில் முட்டிய கதையை அவளிடம் சொன்னேன். "அன்னைக்கும் இதுதான் ஆச்சுன்னு சத்தியம் பண்ணுவியா அம்மணி?" என்று கேட்டேன்.

"பண்ண மாட்டேம்மா. அன்னைக்கு நான் பாக்கல. ஆனா இது நேத்து இன்னைக்குச் சேர்ந்த தூசி இல்ல. பெரியவர் பெடல் நடுங்குச்சுன்னு சொல்லியிருந்தா, நான் மொதல்ல வண்டியத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்."

எனக்கு அது போதும். உனக்குப் போதுமா?

துணியால் துடைத்தாள், பல் வளையத்தையும் துடைத்தாள். ஒயரை அசைத்து அசைத்துப் பார்த்தாள். சென்சாரை மாற்றவில்லை, அதையேதான் திரும்ப மாட்டினாள். மறுபடி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தோம். நான்கு கோடும் ஒன்றாகப் படுத்தன. அப்புறம் ஒரு தரம் மண்ணில் வேகமாக விட்டு வேண்டுமென்றே சடன் பிரேக் போடச் சொன்னாள். பெடல் துடித்தது, வண்டி நேராக நின்றது. அது துடிக்க வேண்டிய இடத்தில் துடிக்கிற துடிப்பு என்றாள். ஒரே துடிப்பு ஒரு நேரம் காப்பாற்றுகிறது, ஒரு நேரம் முட்ட வைக்கிறது. வீடு வருகிறவரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

இன்னொன்றையும் யோசித்தேன். நீயும் காலை எடுத்தாயா தம்பி? பம்ப் பண்ணிப் பம்ப் பண்ணிப் பிரேக் பிடித்துப் பழகிய கால் உன்னுடையது. எடுத்திருந்தால் அது தப்பா? துடித்தால் விடாமல் அழுத்து என்று உனக்கு யார் சொன்னார்கள்?

ராத்திரி சாப்பாட்டில் செந்தில் தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டே இருந்தான். கவிதாவும் மகிழினியும் எதிரே. அவனாகவே சொன்னான்: "அன்னைக்குத் தாத்தா பிரேக் போட்டாங்க கண்ணு. வண்டிதான் விட்டுப்போடுச்சு."

பிள்ளை சட்னியைத் தொட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "அப்பறம் ஏம்ப்பா தாத்தாகிட்ட இருந்து சாவிய வாங்கினீங்க?"

"தெரியாம பண்ணிப்போட்டேன் சாமி" என்றான். எழுந்து கை கழுவப் போனவன் ரொம்ப நேரம் குழாயை மூடவில்லை. அவனை அந்த நேரம் விட்டுவிட்டேன். மன்னித்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அதற்கு இன்னும் நாள் ஆகும்.

மகிழினிக்கு வருகிற தையில் காது குத்து. கோபியிலிருந்து ஒறம்பரைச் சனம் எல்லாம் வருவார்கள். அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்த வாய் ஒன்று பாக்கியில்லாமல் பந்தியில் உட்கார்ந்திருக்கும். இலை எடுக்கும் முன் செந்தில் எழுந்து நின்று, அப்பா சொன்னது நிஜம் என்று சொல்ல வேண்டும். ஏர் அடித்த விஷயத்தையும் சேர்த்தே சொல்லச் சொல்லியிருக்கிறேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று பாதியை மறைத்தால் மறுபாதியையும் நம்ப மாட்டார்கள். சரி என்று தலையை ஆட்டியிருக்கிறான். அவனுக்கு வாய் வரவில்லை என்றால் நான் எழுந்து நிற்பேன். எனக்கு வாய் வராது என்று நீ ஒருநாளும் கவலைப்பட்டதில்லையே. அந்தப் பந்தி முடிகிறவரை எனக்கு வெள்ளகோவில் கிடையாது, இது உன்மேல் சத்தியம். நீ நிம்மதியாக இரு சாமி.

உன் கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்குக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்த,
உன் அக்கா மாராத்தாள்