ஊர் மருந்து

1934 பிப்ரவரி 12, திங்கள். கிள்ளான், மலாயா.

கப்பல் சரக்கு இறங்கியது. மிளகாயில் இரண்டு மூட்டை நனைந்திருந்தது. வெயிலில் கொட்டச் சொன்னேன். புளி நல்ல நிறம். பலகையில் ‘அசல் ஊர்ச்சரக்கு’ என்று எழுதிப் போட்டதிலிருந்து எதிர்த்த கௌஸ் கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் என் கடைக்கு வருகிறார்கள். நம் சனங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

பிப்ரவரி 14

தம்பி பாலன் போய்விட்டான்.

பிப்ரவரி 16

இன்றைக்குத்தான் கை எழுத வருகிறது.

கடையில் உட்காரப் பிடிக்காமல் கேரித் தீவுத் தோட்டத்தில் கங்காணி வேலைக்குப் போனவன். புதன் காலை வாய்க்கால் ஓரம் பாம்பு கடித்திருக்கிறது. அரை மணிக்குள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அங்கே ஊசி போடுகிற டிரஸ்ஸர் ஜெயராஜ் நான்கு குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினானாம். நான் படகு பிடித்துப் போனபோது பாலனால் இமையைத் தூக்க முடியவில்லை. என் குரல் கேட்டு விரலை அசைத்தான். சாயங்காலம் மூச்சு நின்றது.

பாம்பை அடித்து வேலிக் கம்பியில் போட்டிருந்தார்கள். குச்சியால் படத்தை விரித்துப் பார்த்தேன். நல்ல பாம்புதான். ஊரில் இரண்டு கண் போல இருக்கும்; இதற்கு ஒரே வளையம். படத்தோடு தலையை அறுத்துச் சாராயப் புட்டியில் போட்டுக் கொண்டுவந்தேன். சாட்சிக்கு ஆகும்.

மருந்தில் குறை இருக்க முடியாது. இந்தியாவிலிருந்து வரவழைத்துத் தோட்டத்துக்குக் கொடுத்தவனே நான். முத்திரை உடையாத, தேதி தாண்டாத சரக்கு. அப்படியானால் தப்பு எங்கே? ஊசி போட்ட கையில்தான். வெயிலில் வைத்து மருந்தைக் கெடுத்திருப்பான். இல்லை, போடத் தெரியாமல் போட்டிருப்பான்.

ஜெயராஜ், உன்னை நான் விடப்போவதில்லை.

பிப்ரவரி 19

தம்பி பெண்சாதி தனலெட்சுமி இதுவரை பேசவில்லை. இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். “யாரு மேல தப்போ, அவங்கள சும்மா விடாதீங்க மாமா.”

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

பிப்ரவரி 21

தோட்டத்துத் துரைக்கு மனு எழுதிப் போட்டாயிற்று. மார்ச் 5 விசாரணை. வேலை போனால் மட்டும் எனக்குப் போதாது. நான் சரக்குப் போடுகிற தோட்டங்களில் கணக்கு எழுதும் கிராணிகள் அத்தனை பேரிடமும் அவன் பெயரைச் சொல்லி வைத்துவிட்டேன். எந்தத் தோட்டமும் அவனைச் சேர்க்கக் கூடாது. அவன் கப்பல் ஏறுவதை நான் துறைமுகத்தில் நின்று பார்க்க வேண்டும்.

மீதி இருந்த இரண்டு குப்பியையும் பாம்புத் தலையையும் கோலாலம்பூரில் இதையெல்லாம் ஆராய்கிற டாக்டருக்கு அனுப்பினேன். மருந்து நல்ல மருந்து என்று அவர் எழுதிக் கொடுத்தால் போதும், ஜெயராஜ் தொலைந்தான்.

பிப்ரவரி 24

அவனே கடைக்கு வந்தான். என்ன தைரியம்!

“மொதலாளி, போன வருசமே சயாம் மருந்து வேணும்னு எழுதிக் குடுத்தேன். இங்கத்த பாம்புக்கு அதுதான் கேக்கும்.”

வெளியே போடா என்றேன். போய்விட்டான்.

எழுதினான், உண்மை. துரை என்னிடம் கேட்டார். சயாம்காரன் மருந்து எதற்கு, அசல் ஊர்ச்சரக்கு நான் தருகிறேன் என்றேன். அதனால் என்ன? நல்ல பாம்பு எங்கே இருந்தாலும் நல்ல பாம்புதானே?

மார்ச் 2

டாக்டர் கடிதம் வந்தது. இங்கிலீஷ். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போய் ரயில்வே கிளார்க் ராதாகிருஷ்ணனைப் படிக்கச் சொன்னேன்.

மருந்து கெடவில்லையாம். நல்ல மருந்தாம். ஆனால் அது படத்தில் இரண்டு கண் உள்ள இந்தியப் பாம்பின் விஷத்தை வைத்துச் செய்தது. ஒற்றை வளையப் பாம்பின் விஷமே வேறு. அதை இந்த மருந்து சரியாகக் கட்டுப்படுத்தாது, எத்தனை குப்பி போட்டாலும் நம்ப முடியாது. சயாமில் இருப்பது இதே ஒற்றை வளையம்தான்.

“இன்னொரு தரம் படிக்கட்டுமாண்ணே?”

வேண்டாம் என்றேன்.

மார்ச் 4

கடிதம் மேசையில் கிடக்கிறது. ராதாகிருஷ்ணன் வாய் திறக்க மாட்டான். அடுப்பில் போட்டால் நாளைக்கு ஜெயராஜ் காலி.

இன்னமும் அவன் காலியாக வேண்டும் என்றுதான் மனசு சொல்லுது. வேற யாரையாச்சும் காட்டுன்னா நான் யாரைக் காட்டுவேன்? வேலிக் கம்பியில பாத்தேனே - ஒரே வளையம்னு என் கண்ணாலயே பாத்தேனே, பாலா -

மார்ச் 5

கடிதத்தைத் துரை கையில் கொடுத்தேன். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஜெயராஜ் என்னைப் பார்க்கவில்லை.

வெளியே தனம் நின்றாள். எதையும் குறைக்காமல் சொன்னேன். ஒன்றுதான் கேட்டாள். “அப்ப அந்த மருந்து, நம்ம கடை மருந்தா மாமா?”

ஆமாம் என்றேன்.

மார்ச் 24

சயாம் மருந்து பன்னிரண்டு குப்பி, காலைப் படகில் கேரித் தீவுக்கு அனுப்பினேன். தனத்துக்கு வழக்கம்போல அரிசி, பருப்பு, புளி.

படகு திரும்பியது. மருந்து பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து: ஜெயராஜ், டிரஸ்ஸர். மூட்டைகளும் திரும்பி வந்திருந்தன. சீன முதலாளி தவுக்கேயின் மளிகைக் கடையில் வாங்கிக்கொள்வதாக அந்த அம்மா சொல்லச் சொன்னார்கள் என்றான் படகுக்காரன்.

புளி மூட்டையின் கட்டைக்கூட அவள் அவிழ்க்கவில்லை.