கரண்டுக் கம்பத்திலிருந்து கேட் வரைக்கும்

ஜூன் 9, திங்கள்
மழை. பேத்தி இசக்கிசெல்வியை ஸ்கூலில் விட்டுவிட்டு ஸ்வாமிதாஸ் பேக்கரி வழியாகத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. வேறு வழி இருந்தால் போவேன். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி மழையில், ஆறு மாதக் குழந்தையாக இருந்த மகன் வன்னியபெருமாளோடு அந்தக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினேன். “கச்சவடம் நடக்கிற இடம், மாறி நில்லு” என்றான் ஸ்வாமிதாஸ். வியாபாரத்துக்கு இடைஞ்சலாம். பிள்ளையின் தலை நனைந்தது. எனக்கு எதுவும் மறக்காது.

ஜூன் 11, புதன்
ஸ்கூல் கேட்டுக்கு நேர் முன்னால் ஜானவியைப் பைக் தட்டிவிட்டது. செல்வியோடு ஒரே பெஞ்சில் இருக்கிற பிள்ளை. கால் ஒடிந்துவிட்டது. ஓட்டினவன் நிற்கவில்லை. செல்வியின் கையை நான் பிடித்திருந்தேன். ஜானவி எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தாள்.
சாயங்காலம் செல்வி கேட்டாள்: “ஆச்சி, நாளைக்கு ஸ்கூலுக்குப் போண்டாம் அல்லே?” போகணும்ட்டி என்றேன்.

ஜூன் 12, வியாழன்
பேக்கரி வாசலில் கூட்டம். ஸ்வாமிதாஸ்தான் இப்போது தெரு அசோசியேஷன் செக்ரட்டரி. இந்த ரோட்டில் முப்பதுக்கு மேல் போகக்கூடாது என்று போர்டு கேட்டு போலீஸுக்குப் போனானாம். சும்மா சொன்னால் போதாது, எந்தெந்த வண்டி என்று நம்பரோடு கொண்டு வாருங்கள் என்றார்களாம். ஒருத்தருக்கும் ஒரு நம்பரும் ஞாபகமில்லை.
நான் பார்த்தால் மறக்காது. அவனுக்கு நான் எதற்கு உதவ?

ஜூன் 16, திங்கள்
ஆனாலும் நின்று எண்ணினேன். வண்டி கரண்டுக் கம்பத்துக்கு வந்ததும் ஒன்று, இரண்டு... நிதானமாக வருகிற ஆட்டோ கேட்டைத் தொட எட்டு ஆகிறது. இந்தப் பைக்குக்காரன்களுக்கு மூன்று. சித்தாள் வேலையில் செங்கல் எண்ணின வாய் இது. எழுத்துத் தடுமாறும், எண் தடுமாறாது. ஒரு நம்பரோடு அடுத்ததைப் பூ மாதிரி கட்டிக்கொண்டே போவேன். நடுவில் ஒன்றை உருவினால் சரமே கொட்டிப்போகும்.

ஜூன் 19, வியாழன்
வேகமாகப் போனதில் பதினேழாவது, வெள்ளை வேன், 3608. மூன்று எண்ணுவதற்குள் போய்விட்டது.
நம்ம வன்னியபெருமாள்.

ஜூன் 20, வெள்ளி
அவனிடம் கேட்டே விட்டேன். “ஏலே, எட்டு எண்ணுத தூரத்த நீ மூணுல போற.”
“கம்பெனி வேலைக்குப் போற பிள்ளைகள நேரத்துக்குக் கழக்கூட்டத்து ஆபீஸ்ல இறக்கணும்மா. மெயின் ரோடு பூரா ப்ளாக்கு. இந்த ரோட்ட விட்டா எனக்குப் பிழைப்பு இல்ல.”
“உன் மவளும் இந்த ரோட்டுலதாம்லே நடக்கா.”
“அதான் நீ கையப் பிடிச்சிருக்கல்ல.”
பிடித்திருக்கிறேன். ஜானவியின் கை?

ஜூன் 24, செவ்வாய்
போனேன். அவன் கடைக்கு, நானாக. நம்பர் சொன்னேன், ஸ்வாமிதாஸ் எழுதினான். பதினேழில் பேனா நின்றது. “அக்கா, இது நம்ம பெருமாளோட வண்டி அல்லே?”
“எழுதும்.”
இருபத்துமூன்று முடிந்தது. சாயா கொடுத்தான். குடிக்கவில்லை.

ஜூன் 28, சனி
ஸ்கூல் ஹாலில் கூட்டம். கவுன்சிலரும் டிராஃபிக் எஸ்.ஐ.யும் வந்திருந்தார்கள். ஸ்வாமிதாஸ் வாசித்தான். பதினாறு முடிந்ததும் பதினெட்டாவதுக்குப் போய்விட்டான். என் பக்கம் திரும்பவே இல்லை.
எனக்காகத்தான் விட்டான். யாரு, இவனா? பிள்ளையை மழையில் நிறுத்தினவன் எனக்கு நல்லது செய்வானா? அந்தக் கடனை நான் சாகிறவரைக்கும் சுமக்கவா?
எழுந்துவிட்டேன். “ஒண்ணு விட்டுப்போச்சு. 3608. வெள்ள வேன். மூணு எண்ணம். ஓட்டுனது எம்மவன்.”
எஸ்.ஐ. எழுதிக்கொண்டார்.
ஜானவிக்காகச் சொன்னேனா, ஸ்வாமிதாஸின் தயவு வேண்டாம் என்று சொன்னேனா? உள்ளே பார்த்தால் இரண்டும் கிடக்கிறது. எது பெரிது என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை.

ஜூலை 1, செவ்வாய்
கம்பெனிக்குப் போலீஸ் போன் செய்துவிட்டது. இன்னொரு தடவை என்றால் வேன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார்களாம். “பெத்தவளே காட்டிக்குடுப்பாளா? எந்த ஊருலயாவது உண்டா?” என்றான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.
உண்டுலே. இந்த ஊருல உண்டு.
அழுதேன். எழுதி வைக்கிறேன், மறைப்பதற்கு என்ன?

ஜூலை 19, சனி
பெருமாளுக்கு என்னோடு பேச்சில்லை. “ஆச்சிகிட்ட சொல்லு, சட்டையத் துவைக்காண்டாம்னு.” செல்வி சொல்கிறாள். நான் துவைத்துவிட்டேன்.
கோபத்தை மனத்தில் வைத்திருக்க எங்கே படித்தான்? என்னிடம்தான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி
போர்டு வைத்தார்கள். சிவப்பு வட்டத்துக்குள் 30. கேட்டுக்கு இந்தப் பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே மேடாக ஒரு ஹம்ப், அந்தப் பக்கம் ஒன்று. நாளைக்கு யார் மதிப்பார்களோ.

செப்டம்பர் 10, புதன்
ஓணம் லீவு முடிந்து ஜானவி வந்துவிட்டாள். கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள். ஒரு கையில் செல்வி, ஒரு கையில் ஜானவி. கேட் திறக்கவில்லை, மழை பிடித்துக்கொண்டது. ஸ்வாமிதாஸ் தகரத்துக்குக் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டான். “இரி அக்கா.” பிள்ளைகளை உள்ளே நிறுத்தினேன். நான் குடையோடு வெளியே நின்றேன். அவனுக்குப் புரிந்தது.
அப்போது கரண்டுக் கம்பத்தருகே வெள்ளை வேன். ஒன்று, இரண்டு... எட்டில் கேட்டைத் தொட்டது. என்னை அவன் பார்க்கவில்லை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் அவன் உதடு அசைந்துகொண்டே போனது.
எண்ணிக்கொண்டு போகிறான்.